பீப்பாயில் கிடந்த மதியம்

பகல் ஒரு மணிக்கு, அறுநூற்றுப் பதிமூன்று பேரில் ஒருவராகத் திண்டுக்கல் ரஞ்சிதம் 1991 பிப்ரவரி 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அதிரியான்புரத்தில் இருந்தார் என்றும், அன்றைய மதியத்தை ஊரார் வழக்கம்போல் பீப்பாயில் அடைத்து நிலவறையில் வைத்தார்கள் என்றும், அந்தப் பீப்பாய் இந்த வருடம் நவம்பர் 22ஆம் தேதி வியாழக்கிழமை திறக்கப்படும் என்றும், மேற்படி ரஞ்சிதம் காலமாகியிருந்தால் அவரைச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டரை மணிக்குள் வந்துசேரலாம் என்றும், உயிரோடு இருந்தால் இந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் அஞ்சலட்டையில் எழுதியிருந்தது.

மாசிலாமணி அதை வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தார். அவர் மனைவி ரஞ்சிதம் காலமாகிப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அறுபத்தேழு வயதில் அவர் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய் என்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். மதியத்தைப் பீப்பாயில் அடைத்து வைப்பது பற்றி அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்கு ஊர் ஒரு பழக்கம் இருக்கும். தேதிதான் அவரை வாசலிலேயே நிறுத்திவைத்தது.

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் வெளியேறும் வழியை ஒட்டிய கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸும் போகிற பஸ்ஸும் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்தது, போனது என்று முப்பத்தோரு வருடம் எழுதியவர் மாசிலாமணி. டைம் கீப்பர் என்று சொன்னால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிப்ரவரியில் அவருடைய தம்பிக்குக் கல்யாணம். அதிரியான்புரத்தில் இருந்த டிரைவர் சந்தியாகு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க ரஞ்சிதம் தனியாகப் போனாள். பத்திரிகை வைத்து, அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இரண்டே கால் பஸ்ஸில் ஏறினால் ஐந்தே முக்காலுக்குத் திண்டுக்கல். அவள் வந்தது ஒன்பது நாற்பதுக்கு, அதாவது அங்கே ஆறு பத்துக்குப் புறப்படும் கடைசி பஸ்ஸில். இடையில் மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடம்.

பஸ்ஸை விட்டுவிட்டதாகச் சொன்னாள். ஒரு மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவப் போனதாகவும், கழுவிவிட்டு நிமிர்ந்தால் ஆறு மணி ஆகியிருந்ததாகவும் சொன்னாள். மாசிலாமணி 'ம்' என்றார். மறுநாள் கூண்டுக்குள் உட்கார்ந்து அந்தத் தடத்தின் டிரிப் ஷீட்டுகளை வாங்கிப் பார்த்தார். இரண்டே கால், மூன்றரை, ஐந்து, மூன்றும் ஓடியிருந்தன. மூன்றிலும் அதிரியான்புரத்தில் ஏறியவர் யாருமில்லை. ஒரு பெண் ஒரு பஸ்ஸை விடலாம். மூன்று பஸ்ஸை விட மாட்டாள், விட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கும் என்பது அவர் கணக்கு. அவர் கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, அந்த வாரம் கேட்கவில்லை, அவள் போய்ச் சேரும்வரை இருபத்தாறு வருடம் கேட்கவில்லை. கேட்காததை அவர் ஒரு பெருந்தன்மை என்று வைத்துக்கொண்டிருந்தார். அவள் மருத்துவமனையில் கண் மூடிக் கிடந்த நான்கு நாளும், கேட்டிருக்கலாமே என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அதனால் 22ஆம் தேதி காலை ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறினார்.

கம்பம் ஊரைத் தாண்டிக் கிளைச் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல் தொடங்கி, மலை அடிவாரம்வரை பச்சைக் கூரைபோலப் போய்க்கொண்டே இருந்தது. எல்லைப் பாலத்தைக் கடந்தால் அதிரியான்புரம். பிரெஞ்சு தேசத்திலிருந்து கொடிக்கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த பாதிரியார் அதிரியான் சாமி கட்டிய கல் கோவில், அவர் இருந்த நீல ஜன்னல் பங்களா, பூசைக்கான திராட்சை ரசம் பழுக்கப் போடும் நிலவறை, அதைச் சுற்றி ஓடும் செம்மண் நிற நெடுஞ்சுவர், ஓடு வேய்ந்த இரண்டு தெரு, அவ்வளவுதான் ஊர். சனி ஞாயிறுகளில் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கார்கள் வரும். சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள், பழச்சாறு குடிப்பார்கள், அழகான ஊர் என்று சொல்லிவிட்டு நாலு மணிக்குள் போய்விடுவார்கள். வியாழக்கிழமை யாரும் இல்லை. தெருவில் மாசிலாமணியின் செருப்புச் சத்தம் மட்டும் முன்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

கோவில் வாசலில் மேசை போட்டுப் பிலவேந்திரன் உட்கார்ந்திருந்தார். திராட்சை வியாபாரி, கோவில் கமிட்டிக்குச் செயலாளர், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். அஞ்சலட்டையை வாங்கிப் பார்த்து, பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு, வெளியூர்க்காரர் வருவது பத்து வருடத்தில் இதுதான் முதல் தடவை, பெரும்பாலோர் யாரோ விளையாடுகிறார்கள் என்று அட்டையைக் கிழித்துப்போட்டுவிடுகிறார்கள் என்றார். மாசிலாமணி, தமக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், 1991இல் அந்த மதியம் இந்த ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஒண்ணும் நடக்கலை சார்," என்றார் பிலவேந்திரன். "ஒரு மணிக்குத் தலையை எண்ணி, பேரெல்லாம் எழுதி, மூடியை அடிச்சோம். அடிச்ச உடனே ஆறு மணி. அன்னிக்கு இங்க மதியமே கிடையாதே."

"பஸ்?"

"வந்திருக்கும். ஸ்டாப்புல ஆள் இல்லைன்னு போயிருக்கும். ஆள் எங்க சார் இருப்பான், பொழுதே இல்லாதப்ப?"

மாசிலாமணி கோவில் படியில் உட்கார்ந்துவிட்டார். பிலவேந்திரன் வெயில் தாங்கவில்லை போலும் என்று நினைத்துத் தண்ணீர் வரவழைத்தார். இருபத்தாறு வருடம் ஒருத்தி பக்கத்தில் படுத்திருக்க, அவளுடைய மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு அவர் எத்தனை முகம் வரைந்து பார்த்திருந்தார். சந்தியாகுவின் முகத்தைக்கூட வரைந்து, அவன் ஓட்டிவரும் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு நிமிடத் தாமதத்தையும் விடாமல் எழுதியிருந்தார். அவள் சொன்னது உண்மை. கை கழுவி நிமிர்ந்திருக்கிறாள், ஆறு மணி ஆகியிருக்கிறது. அந்த நேரத்தை அவள் யாருடனும் கழிக்கவில்லை, கழிக்கவே இல்லை.

அதிரியான்புரத்தார் இதை எப்போது தொடங்கினார்கள், எதற்குத் தொடங்கினார்கள் என்று கேட்டால் சரியான பதில் வராது. பிப்ரவரியில் பனிக்காலக் காய்ப்பின் கடைசிப் பறிப்பு முடிகிற அன்று காலிப் பீப்பாய் ஒன்றைக் கோவில் முற்றத்தில் திறந்து வைத்து, ஒரு மணிக்கு ஊரில் உள்ளவர்களை எண்ணிப் பெயரெழுதி, மூடியை அடித்து, ஒன்றிலிருந்து ஆறு வரையுள்ள பொழுதை உள்ளே வைத்துவிடுவார்கள். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதமான நவம்பரில் சீட்டுக் குலுக்கி, பழைய பீப்பாய் ஒன்றைத் திறப்பார்கள். அன்று ஊரில் அந்தப் பழைய வெயில் அடிக்கும், அந்தப் பழைய காற்று வீசும், அந்தப் பெயர்ப் பட்டியலில் இருந்து இதற்குள் செத்துப்போனவர்கள், அன்றிருந்த வயதில், அன்று விட்ட இடத்தில் வந்து நின்று, தங்களுக்குக் கிடைக்காமல்போன ஐந்து மணி நேரத்தைக் கழித்துவிட்டு ஆறு மணிக்குப் போவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அன்றைய மதியம். செல்போன் கோபுரமும் டிஷ் ஆன்டெனாவும் அந்த வெயிலில் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஆரம்ப வருடங்களில் ஊர் தடுமாறியது. செத்தவர்களிடம் கேட்க எல்லாருக்கும் ஏதோ இருந்தது. நகையை எங்கே வைத்தாய், கிணற்றில் எனக்குப் பாகம் உண்டா இல்லையா என்று பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தம் தகப்பனாரிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிப் பதிவுக்கு எடுத்துப்போக, முத்திரைத்தாள் வாங்கிய தேதிக்கு ஏழு வருடம் முன்பே ஆள் இறந்துவிட்டார் என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு கமிட்டி கூடி, நீ செத்துவிட்டாய் என்று சொல்லக் கூடாது, நான் இன்னார் என்று சொல்லக் கூடாது, கையெழுத்தும் படமும் எடுக்கக் கூடாது என்று விதி செய்தது. விதி செய்தபோது தெரிந்த இன்னொரு விஷயம், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்ததும் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள் என்பது. மதியம் என்றால் அவர்களுக்குத் தூக்கம்தான். திருப்பூரிலிருந்து விடுப்பு எடுத்துவந்த மகன்கள் தகப்பனார் தூங்குவதை ஐந்து மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறு மணிக்குத் தலையணையில் விழுந்த குழியைப் பார்த்துவிட்டுப் புறப்படுவார்கள். அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. குறட்டை கேட்டாலே போதும் என்று சொல்கிற வீடுகள் இருந்தன.

பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒரு நாள் மதியப் பாடவேளைகள் காணாமல் போவது குறித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். உள்ளூர் விடுமுறை என்று எழுதிப் பழகிக்கொண்டார்கள். பிப்ரவரியில் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எண்ணிக்கைக்கு ஓடிவருவார்கள். வராதவர்களும் உண்டு. ஜெபமாலை என்று ஒருத்தி, நாற்பது வருடமாக ஒவ்வொரு பிப்ரவரியும் ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்றுகொள்வாள். உயிரோடு இருக்கும் மதியங்களைப் புருசன் என்கிற அந்த ஆளுக்குக் கொடுத்தது போதும், செத்த பிறகுமா என்பது அவள் கேள்வி. யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் அவள் உட்காரக் கமிட்டியே ஒரு கல்லைப் போட்டுக்கொடுத்தது.

"இன்னிக்கு அவங்க அஞ்சு மணி நேரமும் இருப்பாங்களா?" என்று மாசிலாமணி கேட்டார்.

இருக்கலாம், பஸ் ஏறியும் போகலாம் என்றார் பிலவேந்திரன். கண்டக்டர்களுக்குத் தெரியும், டிக்கெட் கேட்க மாட்டார்கள், பாலம் தாண்டியதும் சீட்டு காலியாக இருக்கும். வருடா வருடம் நாலு அவசரக்காரர்கள் அப்படித்தான் போகிறார்கள். பஸ் நேரம் எல்லாம் அன்றைக்கு இருந்ததேதான், இரண்டே கால், மூன்றரை, ஐந்து. அது மாறவில்லை என்று மாசிலாமணிக்குத் தெரியும்.

சந்தியாகு இறந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி அமலோற்பவம் காலையிலிருந்தே அந்த 1991 மதியத்துக்குச் சமைத்ததையே சமைத்துவைத்திருந்தாள்: கருவாட்டுக் குழம்பு, அவித்த மொச்சை, ரசம். அறுபத்தெட்டு வயதுக்கு எடுப்பான சேலை ஒன்றைக் கட்டி, பிறகு அதை அவிழ்த்துவிட்டு வேறொன்றைக் கட்டியிருந்தாள். மாசிலாமணியைப் பார்த்ததும், வாங்கண்ணே, நம்ம ரெண்டு பேருக்கும் இன்னிக்கு ஒரே வீட்ல விருந்தாளி என்றாள். தன் வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு பீப்பாயில் வந்துவிட்டுப் போனார் என்றும், இரண்டு தடவையும் தன்னைப் பார்த்து, 'ஆத்தா, என் சம்சாரம் எங்க?' என்று கேட்டார் என்றும், கடைக்குப் போயிருக்கிறாள் என்று தானே பதில் சொன்னதாகவும் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குழம்பை இறக்கப் போனாள்.

ஒரு மணிக்குக் கோவில் பக்கமிருந்து மரத்தில் சுத்தியல் விழும் சத்தம் நாலு தடவை கேட்டது. நவம்பர் மேகம் விலகிப் பிப்ரவரி வெயில் முற்றத்தில் இறங்கியது. கூடத்தில் பனியனும் கைலியுமாகச் சந்தியாகு, நாற்பத்து நாலு வயது, சாப்பிட்ட தட்டின் முன்னால் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். கொல்லையில் தொட்டி ஓரம் ரஞ்சிதம் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, கையை உதறினாள்.

அவள் கட்டியிருந்தது வாடாமல்லி நிறச் சேலை. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டிருந்தால் மாசிலாமணி பச்சை என்று சத்தியம் செய்திருப்பார். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அவர் நினைத்துவைத்திருந்ததைவிட உயரமாக இருந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்து, யாரோ உறவுக்காரர் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டு, சந்தியாகுவிடம் அண்ணே அவசியம் வந்திரணும் என்று சொல்லிக்கொண்டு, அக்கா வந்தால் சொல்லிவிடுங்கள் என்று அமலோற்பவத்திடமே சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மாசிலாமணி முப்பதடி விட்டுப் பின்னால் போனார். அவள் தனியாக நடந்து அவர் பார்த்ததே இல்லை. கூட வந்தபோதெல்லாம் அவள் பின்னால்தான் வந்திருக்கிறாள், அதனால் அவள் நடையே அவருக்குத் தெரியாது. வேகமாக, கையை வீசி நடந்தாள். ஒன்றரைக்கே பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிழலில் நின்றுகொண்டாள். எதிரே பூட்டிய கடை ஒன்றின் படியில் மாசிலாமணி உட்கார்ந்தார்.

அவருக்கு இரண்டு ஆசை இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று அடித்தது. அவள் இரண்டே கால் பஸ்ஸில் ஏற வேண்டும். ஏறினால், நேரம் கொடுத்தாலும் அவள் நேரே வீட்டுக்குத்தான் வருவாள் என்று ஆகும். இருபத்தேழு வருடச் சந்தேகம் வேரோடு போகும். மிச்சமிருக்கும் நாட்களை நிம்மதியாகத் தள்ளலாம். ஆனால் ஏறினால் பாலம் வரை இரண்டு நிமிட ஓட்டம், அதற்கப்புறம் சீட்டு காலி. ஏறாவிட்டால் ஆறு மணிவரை அவளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆனால் எதைப் பார்க்க வேண்டியிருக்குமோ அதையும் பார்க்க வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் அவர் ஒரு பஸ்ஸுக்கும் இப்படிக் காத்திருந்ததில்லை.

பஸ் இரண்டு பதினேழுக்கு வந்தது. இரண்டு நிமிடத் தாமதம். கண்டக்டர் படியில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஏறுறீங்களாம்மா என்று கேட்டான். ரஞ்சிதம் பஸ்ஸைப் பார்த்தாள், அதன் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயரைப் பார்த்தாள், காலை ஓர் அடி எடுத்து வைத்து, வைத்த காலை எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கும்வரை நின்றாள். பிறகு ஊருக்குள் திரும்பி நடந்தாள்.

மாசிலாமணி எழுந்தார். இனி ஒரு வீட்டுக் கதவு திறக்கும், அல்லது ஒரு சைக்கிள் வந்து நிற்கும், அவருக்கு அந்தப் பெயர் தெரிந்துவிடும் என்று பின்னால் போனார்.

அவள் நெடுஞ்சுவரை ஒட்டி நடந்தாள், நடக்கும்போதே ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு போனாள், சுவர் முடிகிற இடத்தில் விரலைப் பார்த்துச் சேலையில் துடைத்தாள். கோவிலுக்குள் போய்ச் சாமி கும்பிடாமல் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். நீல ஜன்னல் பங்களாவின் கம்பிக்கதவில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். கல்லறைத் தோட்டத்தில் பெயர்களை வாய்விட்டுப் படித்தாள். வழியில் அம்மி கொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்; அவரும் செத்தவர்தான். பந்தலில் வேலை செய்த பெண் ஒருத்தி ஒரு குலை பன்னீர்த் திராட்சையை அறுத்துக் கொடுத்தாள். அதை முந்தானையில் வாங்கிக்கொண்டு, சாலையோரம் பந்தல் நிழல் விழும் மதகுச் சுவரில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டு, ஒவ்வொரு பழமாகத் தின்றாள். எந்தக் கதவும் திறக்கவில்லை. எந்தச் சைக்கிளும் வரவில்லை. மூன்றரை பஸ் வந்தபோது அவள் இறங்கக்கூட இல்லை. அது போவதை, வேறு யாருடைய பஸ்ஸோ போவதுபோலப் பார்த்தாள்.

அதற்குமேல் தாங்காமல் மாசிலாமணி போய் மதகின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"பஸ் போகுதேம்மா," என்றார்.

"போகட்டும் ஐயா. அஞ்சு மணிக்கு ஒண்ணு இருக்கு."

"அதையும் விட்டுட்டா?"

"ஆறு பத்து இருக்கு. கடைசி. ஒம்பது நாப்பதுக்குத் திண்டுக்கல்." அவள் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு டைம் கீப்பரு. எந்த பஸ் எந்த நேரத்துக்கு எந்த ஊர்ல நிக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாரு. நான் எதுல வர்றேன், இப்ப எந்த ஊரைத் தாண்டுறேன், எல்லாம் தெரியும். கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருசம் ஆச்சு, அவருக்குத் தெரியாத எடத்துல ஒரு நாள்கூட நான் உக்காந்ததில்ல. அதான் உக்காந்து பாக்கறேன்."

அவ்வளவுதானா என்று அவர் கேட்டார். அவ்வளவுதான் என்றாள். ஆள் முரடோ என்று கேட்டார். அவள் பதறிப்போய், சேச்சே, கை நீட்டினதில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார், பேச மாட்டார் அவ்வளவுதான் என்றாள். பேசாத ஆளோடு பன்னிரண்டு வருடம் இருந்தால் எனக்கும் குரல் கம்மிப்போகிறது, இன்றைக்குக் கல்லறையில் பெயரெல்லாம் சத்தமாகப் படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் வருகிறது என்றாள். தமக்கு முன்னால் அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதாக மாசிலாமணிக்கு நினைவில்லை. அவர் பழம் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"லேட்டாப் போனா கேப்பாரே."

ரஞ்சிதம் விதையைத் துப்பிவிட்டு யோசித்தாள். "கேட்டா சொல்லிருவேன். ஒளிக்க என்ன இருக்கு? கேக்க மாட்டாரு ஐயா."

மேற்கே மலை முகட்டை வெயில் தொட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குள் எங்கோ ஒரு வீட்டில் செத்தவர் ஒருவரின் குறட்டை சீராகக் கேட்டது. அவள் மரியாதைக்காக அவரைப் பற்றி விசாரித்தாள். வீட்டில் யார் யார் என்று கேட்டாள். யாரும் இல்லை, தனியாக இருக்கிறேன் என்றார். எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் போகலாம், வரலாமா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

"கொடுத்து வச்சவரு," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

ஐந்து மணி பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. இருபத்தேழு வருடமாகத் தொண்டையில் கிடந்த சொல் எவ்வளவு சின்னது என்று மாசிலாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. விதி அவருக்கு நினைவிருந்தது. விதியை மீறாமலே அது வெளியே வந்தது.

"அப்ப நானே கேக்கறேன். ஏன் லேட்டு?"

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு, இந்தக் கிழவர் தன் வீட்டுக்காரரைப்போல நடித்துக் காட்டுகிறார் என்று புரிந்து, வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்று பதில் சொல்கிறவள்போல அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சும்மா உக்காந்திருந்தேன். வெயில் நல்லா இருந்துச்சு."

"சரி," என்றார் மாசிலாமணி.

"பாத்தீங்களா, ஒரு நிமிசத்துல முடிஞ்சுபோச்சு," என்றாள்.

ஐந்து மணி பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. அவள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெயில் நெடுஞ்சுவரில் ஏறி ஏறி, கடைசியில் அதன் தலையில் ஒரு கோடாக நின்று, அதுவும் போனது. ஆறு மணிக்கு மதகில் திராட்சைக் காம்பு ஒன்று மட்டும் இருந்தது. கீழே செருப்பு இல்லை. நவம்பர்க் குளிர் சட்டென்று முதுகில் விழுந்தது.

பஸ் ஸ்டாப்பில் அமலோற்பவம் வந்து அவருக்குச் சோறு கட்டிய பொட்டலத்தைக் கொடுத்தாள். இந்த முறை சந்தியாகு தூங்கவில்லை என்றும், சம்சாரத்தை இன்னும் காணோமே என்று மூன்று மணிக்கே தேடக் கிளம்பிவிட்டார் என்றும், தெருத் தெருவாகத் தேடினார், நானும் பின்னாலேயே போனேன், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஐந்தே காலுக்குத் தேடிக்கொண்டே பாலத்தைத் தாண்டிவிட்டார் என்றும் சொன்னாள். சொல்லும்போது மூச்சு வாங்கியது. அவ்வளவு தூரம் நடந்து பழக்கமில்லை.

"உங்களுக்கென்ன அண்ணே, நாலு வார்த்தை பேசக் கிடைச்சுது," என்றாள்.

மாசிலாமணி ஆறு பத்து பஸ்ஸில் ஏறினார். டிக்கெட் வாங்கினார். பாலத்தைத் தாண்டும்போது தாம் உட்கார்ந்திருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

2019 மார்ச் 6ஆம் தேதி புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மாசிலாமணி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய், இரவு எட்டே முக்காலுக்குத் திரும்பி வந்தார். எங்கே உட்கார்ந்திருந்தார், ஏன் லேட்டு என்று யாரும் கேட்கவில்லை.